கூடையா, பேரிக்காயா?

தீபாவளி நெருங்கினால் ஊரெங்கும் பரிசுக் கூடைகள். பாதாம், முந்திரி, சாக்லேட், இரண்டு அகல்விளக்கு, மேலே கண்ணாடித்தாள், ரிப்பன். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் எது யார் கடைக் கூடை என்று கட்டியவருக்கே தெரியாது. இதே தொழிலில் பெயரெடுத்த இரண்டு நிறுவனங்கள், லண்டன் பிக்காடிலியின் ஃபோர்ட்னம் அண்ட் மேசனும் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து ஹாரி அண்ட் டேவிடும், நேரெதிர் வழிகளில் போயிருக்கின்றன.

ஃபோர்ட்னம் 1707இல் தொடங்கியது. வில்லியம் ஃபோர்ட்னம் ஆன் அரசியின் அரண்மனைப் பணியாள். அங்கே தினமும் புது மெழுகுவத்திதான் ஏற்றுவார்களாம். எரிந்து மிஞ்சியதை விற்ற காசே கடைக்கு முதலானது என்பது அவர்கள் பெருமையோடு சொல்லும் கதை. அரண்மனை வாசனை அன்றே ஒட்டிக்கொண்டது. எப்சம் குதிரைப் பந்தயத்துக்குப் போன சீமான்களின் சாப்பாடும், 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவின் தீனியும் இந்தக் கடையிலிருந்து போனவை. இன்றும் பின்னல் கூடையின் மேல் கறுப்பு மையில் 'எஃப் அண்ட் எம்' என்றிருக்கும். உள்ளே வந்த தேயிலையும் ஜாமும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். கூடையை யாரும் தூக்கிப்போடுவதில்லை. துணி போட்டு வைத்தாலும் எழுத்து தெரியும்படிதான் வைப்பார்கள். அவர்கள் விற்பது கூடையைத்தான், பண்டம் ஒரு சாக்கு என்றுகூடச் சொல்வேன்.

ஹாரி, டேவிட் சகோதரர்களிடம் அரண்மனைக் கதை எதுவும் இல்லை. மெட்ஃபோர்டு ஊரில் அப்பா 1910இல் வாங்கிய பேரிக்காய்த் தோட்டம் இருந்தது. அதில் விளைந்தது கோமிஸ் என்ற பிரெஞ்சு ரகம். சாறு வழியும், தோல் மெல்லியது, கை அழுத்தினாலே கன்றிப்போகும். ஐரோப்பாவின் பெரிய ஓட்டல்கள் வாங்கிக்கொண்டிருந்தன. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அந்தச் சந்தை படுத்துவிட்டது. 1934இல் சகோதரர்கள் பழத்தைப் பரிசாகத் தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள். ரகத்துக்கு 'ராயல் ரிவியேரா' என்று தாங்களே ஒரு பெயர் வைத்தார்கள். பெட்டிக்கு ஒரு பழத்தை மட்டும் தங்கநிறத் தாளில் சுற்றினார்கள். பணக்காரர்கள் படிக்கும் 'ஃபார்ச்சூன்' இதழில் விளம்பரம் போட்டபோதும், இவ்வளவு பெரிய பத்திரிகையில் நாமா என்று வியக்கும் தோட்டக்காரன் குரலிலேயே எழுதவைத்தார்கள். கூச்சத்தையே முதலாக்கிய கெட்டிக்காரத்தனம் அது. பிறகு மாதம் ஒரு வகைப் பழம் அனுப்பும் சந்தா வந்தது. பெட்டி குப்பைக்குப் போனாலும் அடுத்த மாதம் பெயர் மறுபடி கதவைத் தட்டியது.

அதே நிறுவனம் 2011இல் திவால் மனு கொடுத்ததே என்று கேட்கலாம். 2004இல் ஒரு முதலீட்டு நிறுவனம் கடன் வாங்கி அதை வாங்கியிருந்தது. அந்தக் கடன் சுமையோடு பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. பேரிக்காய் யாரையும் ஏமாற்றவில்லை. பெயருக்கு மதிப்பு இருந்ததால்தான் 2014இல் ஒரு பூ வியாபார நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது.

நம் ஊரில் வீட்டிலிருந்து கூடை போடும் பெண்கள் பெரும்பாலும் ஃபோர்ட்னம் வழியைப் பிடிக்கிறார்கள். மேலலங்காரத்துக்குத்தான் செலவு. முந்நூறு வருடக் கதை பின்னால் இல்லாத பிரம்புக் கூடை வெறும் பிரம்புக் கூடைதான். மொத்தக் கடையில் அடுத்தவருக்கும் அதே கிடைக்கும். சகோதரர்களின் வழிக்குத் தேவை நல்ல பண்டம் ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் (2019) கோவில்பட்டி கடலைமிட்டாயும் (2020) புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் அந்தப் பெயர் ஊருக்குச் சொந்தம். எந்த அடுப்பில் கிண்டியது, என்றைக்குக் கிண்டியது, எத்தனை நாளுக்குள் தின்ன வேண்டும் என்று சீட்டில் எழுதும்போதுதான் அது உங்கள் கூடையாகிறது. வீட்டில் தங்கும் பாத்திரமும் வேண்டுமென்றால் செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டான் இருக்கிறது; கல்யாண வீடுகளில் பலகாரம் வைத்துக் கொடுத்த பழக்கம் அதற்கு ஏற்கெனவே உண்டு.

இரண்டில் எது என்று கேட்டால் பேரிக்காய் என்பேன். இந்தத் தீபாவளிக்குக் கூடை போடுகிறவர்கள் பாதாமையும் முந்திரியையும் வெளியே எடுத்து வையுங்கள். உங்களைத் தவிர வேறு யாரும் தர முடியாத ஒரு பண்டம் உள்ளே மிஞ்சுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ரிப்பன் வாங்கப் போங்கள்.