சாமுவேலுக்கு அழைப்பு வந்தது எப்போது? வி.எஸ். அசரியாவின் கதை

காலேஜ் படிக்கிற கிறிஸ்தவப் பசங்க கூடுற இடத்துல ஒரு கேள்வி எப்படியும் வந்துடும்: "என் வாழ்க்கையில கடவுளோட அழைப்பு என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு பயம் இருக்கு. கனவோ, குரலோ, ஏதோ ஒரு அடையாளமோ வரும், நாம அதைக் கவனிக்காம விட்டுட்டா வாழ்க்கையே தடம் மாறிடும்ங்கிற பயம்.

அந்தப் பயத்தோட இருக்கிறவங்களுக்காக இன்னைக்கு ஒரு வரலாறு. வேதநாயகம் சாமுவேல் அசரியா, இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர்.

பேர் வச்சாச்சு, ஆனா இடம் தெரியல

1874 ஆகஸ்ட் 17 அன்று, திருநெல்வேலிச் சீமையில் மெய்ஞ்ஞானபுரம் பக்கத்தில் உள்ள வெள்ளாளன்விளையில் அசரியா பிறந்தார். சுற்றிலும் பனங்காடும் தேரி மணலும். அப்பா தாமஸ் வேதநாயகம் இந்து நாடார் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராகி, பிறகு குருவானவராக இருந்தவர். ரொம்ப நாள் காத்திருந்து பிறந்த ஆண் குழந்தைக்குப் பெற்றோர் சாமுவேல் என்று பேர் வைத்தார்கள். பைபிளில் அன்னாள் வேண்டிப் பெற்று, கடவுளுக்கே கொடுத்துவிட்ட பிள்ளையின் பேர் அது.

அதாவது, பிறக்கும்போதே இவர் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட பிள்ளை. அப்போ அழைப்பு விஷயம் அங்கேயே முடிஞ்சிருக்கணும், இல்லையா? முடியல. எங்கே போய் என்ன செய்யணும்ங்கிறது தெளிவாக இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். கடைசித் தேர்வு நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போனது. பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார். ஒரு கிராமத்துக் குருவானவர் வீட்டுப் பையனுக்கு அந்தக் காலத்தில் பி.ஏ. பட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவும் சில வருஷங்களுக்கு முன்பே, 1889-லேயே இறந்துவிட்டார்.

1895-ல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளர் வேலைக்குச் சேர்ந்தார். தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய் இளைஞர்களைச் சந்திப்பது, கூட்டம் நடத்துவது, வேதபாடம் எடுப்பது. அடுத்த 14 வருஷம் இதுதான் அவர் வேலை. அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடி இந்தக் காலத்தில்தான் நெருங்கிய நண்பரானார். 1898-ல் அன்பு மாரியம்மாள் சாமுவேலைத் திருமணம் செய்தார். நல்ல வேலை, நல்ல நண்பர், நல்ல குடும்பம். வெளியிலிருந்து பார்த்தால் "இவர் செட்டில் ஆயிட்டார்" என்று சொல்லியிருப்போம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வெட்கம்

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே அவருக்குத் தெரியவந்த ஒரு செய்தி அவரை உலுக்கியது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு, கடல் தாண்டி, தமிழ்நாட்டுக் கரைக்கு ஊழியம் செய்ய ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இது ஏன் அவருக்கு அடியாக இருந்தது? பாளையங்கோட்டையில் குளோரிந்தா கட்டிய ஆலயம் 1785-லேயே எழும்பிவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் வளர்ந்த திருச்சபை திருநெல்வேலித் திருச்சபை. ஆனால் வேறு மொழி பேசும் மக்களிடம் போக, சொந்தப் பொறுப்பில் நடக்கும் ஒரு மிஷனரி சங்கம்கூட அதற்கு இல்லை.

இங்கே கவனிங்க. வானத்திலிருந்து ஒரு குரலும் கேட்கல. அவருக்கு வந்தது வெட்கம். "அவங்க செய்றாங்க, நாம ஏன் செய்யல?" அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பியவர் அந்த வெட்கத்தை ஆற விடவில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. செயலாளர் அசரியா. 1905 கிறிஸ்துமஸ் அன்று, வில்லியம் கேரி வாழ்ந்த செராம்பூரில், நாடு முழுமைக்குமான தேசிய மிஷனரி சங்கம் உருவானது. அதிலும் முன்னால் நின்றவர்களில் இவர் ஒருவர். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம்.

"நீங்க போங்க" என்பதிலிருந்து "நான் போறேன்" வரை

திருநெல்வேலி சங்கம் தேர்ந்தெடுத்த இடம் தோர்ணக்கல். நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில், இன்றைய தெலங்கானாவில், தெலுங்கு பேசும் பகுதி. அசரியாவுக்கு இப்போது ஒரு சிக்கல். மேடை மேடையாக ஏறி, "தோர்ணக்கலுக்கு ஆட்கள் வேண்டும், யார் போவீர்கள்?" என்று இளைஞர்களைக் கேட்கிறவர் அவர். கேட்டுவிட்டு ரயிலேறி வீட்டுக்குத் திரும்புகிறவரும் அவர்தான்.

1909-ல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டார். குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு தோர்ணக்கலுக்குப் போனார். வயது கிட்டத்தட்ட 35. தெலுங்கைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மையம் இதுதான். மற்றவர்களிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே அவருடைய அழைப்பாக மாறியது. அதற்கு முந்தைய 14 வருஷமும் வீண் இல்லை. ஊர் சுற்றியதில்தான் தேவை கண்ணில் பட்டது. இளைஞர்களோடு பழகியதில்தான் ஒரு இயக்கத்தைக் கட்டத் தெரிந்தது.

அழைப்புக்கு ஒரு விலை

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபதுக்கும் குறைவு. அவர்களில் ஒருவரான அசரியா, வெள்ளைக்கார மிஷனரிகள் இந்திய ஊழியர்களைச் சமமாக நடத்துவதில்லை என்று அந்த மேடையிலேயே சொன்னார். நீங்கள் தியாகம் செய்தீர்கள், அதற்கு நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பதுதான் அவர் பேச்சின் முடிவு. அரங்கத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். அது சுலபமாக நடக்கவில்லை. ஒரு இந்தியரின் கீழ் வேலை செய்வதா என்று சில மிஷனரிகள் எதிர்த்தார்கள். ஒரு நாடாரைப் பேராயராக ஏற்பதா என்று நம் ஆட்களிலும் சிலர் எதிர்த்தார்கள். சாதி திருச்சபைக்குள்ளும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம்.

தோர்ணக்கலில் அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த கிராமத்து ஏழைகள். ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் தாங்களே கைவைத்து, சுவிசேஷத்தைச் சொல்வது என் கடமை என்று உறுதி எடுக்க வைப்பார். அழைப்பு என்பது குருமாருக்கு மட்டும் உரியது இல்லை, கூலி வேலை செய்கிறவருக்கும் உண்டு என்பதை அவர் நடத்திக் காட்டிய விதம் அது. 1930-களின் நடுவில் அவருடைய திருமண்டலத்தில் சுமார் 2 லட்சம் பேர் இருந்தார்கள். இப்படிக் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தி கடுமையாக விமர்சித்தார். ஏழைகளுக்கும் சுயமாக முடிவெடுக்கும் திறன் உண்டு என்பது அசரியாவின் நிலைப்பாடு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

1939-ல் தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டையானது. கோயில் தூண்களையும் மசூதிக் குவிமாடங்களையும் நினைவுபடுத்தும் கட்டடம். 1945 ஜனவரி 1 அன்று, அதே தோர்ணக்கலில் அசரியா காலமானார்.

சரி, நமக்கு?

டிகிரி கைநழுவினப்போ அவர் கதை முடியல. முதல் வேலையே கடைசி வேலையாவும் இருக்கல. கையில இருந்த வேலையை ஒழுங்கா செஞ்சுக்கிட்டே, கண்ணில் பட்ட தேவையைத் தள்ளிவிடாம இருந்தார். அடுத்த அடி அதிலிருந்துதான் வந்தது.

அதனால, எக்ஸாம் ரிசல்ட்டுக்கோ இன்டர்வியூவுக்கோ காத்திருக்கிற தம்பி தங்கைகளே, "என் அழைப்பு என்ன?"ன்னு ஜெபிக்கும்போது இன்னும் ரெண்டு கேள்வியையும் சேர்த்துக்கோங்க. "இதை யாருமே செய்யலையே"ன்னு எதைப் பார்த்து எனக்கு வெட்கமா இருக்கு? "யாராவது போங்கப்பா"ன்னு நான் மத்தவங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்கிற இடம் எது?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.