அடுத்தவர் யார்?
உதைபந்தாட்ட இரசிகரின் ஊகமும் உரிமையும் – ஒரு வரலாற்று நோக்கு

இங்கிலாந்தின் கைத்தொழில் நகரமொன்றில் உதைபந்தாட்டக் கழகத்தின் முகாமையாளர் பதவி வெற்றிடமாகும்பொழுது, அந்நகரின் பேச்செல்லாம் ஒரே வினாவைச் சுற்றியே சுழலும். அடுத்தவர் யார்? துறைமுகத் தொழிலாளியும், பேருந்து நடத்துநரும், பாடசாலை மாணவனும் தத்தம் மனத்திலுள்ள பெயரைச் சொல்வர். அப்பெயருக்குரிய நியாயங்களை அடுக்குவர். மற்றவர் கூறும் பெயரை மறுப்பர். பத்திரிகைகள் நாளுக்கொரு பெயரை வெளியிடும். பந்தயக்காரர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விலை குறிப்பர். ஈற்றில், இவர்களுள் எவரையும் கலந்துகொள்ளாது, கழகத்தின் பணிப்பாளர் சபை ஒருவரை நியமிக்கும்.

இவையெல்லாம் வீண்பேச்சு என்று ஒதுக்குவார் உளர். உழைக்கும் மக்களின் கவனத்தை வாழ்க்கைப் பிரச்சினைகளிலிருந்து திருப்பும் போதை இது என்பார் அவர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது முழு உண்மையன்று. திரினிடாட்டிற் பிறந்த மார்க்சியச் சிந்தனையாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963 இல் கிரிக்கெட் பற்றி எழுதிய நூலிலே, விளையாட்டும் சமுதாய வரலாற்றின் ஓர் அங்கமே என்பதனை நிலைநாட்டினார். அந்நோக்கில் நாமும் கேட்கலாம். தமக்குத் தெரிவு செய்யும் உரிமை சிறிதுமில்லாத ஒரு பதவியைப் பற்றி இத்தனை இலட்சம் மக்கள் இவ்வளவு ஆர்வத்துடன் ஊகிப்பது ஏன்?

விடையை 19 ஆம் நூற்றாண்டிலிருந்தே தேடல் வேண்டும். 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் வேலைசெய்த பெண்களுக்கும் இளைஞருக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியுடன் வேலை முடிதல் வேண்டும் என விதித்தது. நாளடைவில் சனிக்கிழமை அரைநாள் ஓய்வு ஏனைய தொழிலாளருக்கும் பரவியது. போராடிப் பெற்ற அந்த அரைநாளிலேதான் உதைபந்தாட்டம் மக்கள் விளையாட்டாயிற்று. அதுவரை செல்வர்தம் பாடசாலைகளின் பழைய மாணவரே ஆதிக்கஞ் செலுத்திய ஆட்டத்தில், 1883 இல் லங்காஷயரின் பிளாக்பேர்ன் ஒலிம்பிக் குழுவினர் ஈற்றன் கல்லூரியின் பழைய மாணவரை வென்று எஃப். ஏ. கிண்ணத்தைக் கைப்பற்றினர். வென்ற குழுவில் நெசவாலைத் தொழிலாளர் இருந்தனர். 1885 இல் ஊதியம் பெற்று ஆடுதல் சட்டபூர்வமாக்கப்பட்டது. 1888 இல் வடபகுதியையும் மத்திய பகுதியையும் சேர்ந்த 12 கழகங்கள் கூடி லீக் அமைப்பைத் தோற்றுவித்தன.

இங்கே ஒரு முரண்பாடு கருக்கொண்டது. ஆடுபவர் தொழிலாளர்; பார்ப்பவரும் தொழிலாளர்; வாயிலிற் செலுத்தப்பட்ட காசும் தொழிலாளருடையதே. ஆனால் கழகங்களோ வரையறுத்த பொறுப்புக் கம்பனிகளாகப் பதிவுசெய்யப்பட்டன. பங்குகள் பெரும்பாலும் உள்ளூர் வணிகர், மதுவடிப்போர், ஆலை முதலாளிகள் கைகளிலே தங்கின. உணர்வினால் கழகம் ஊருக்குச் சொந்தம். சட்டத்தினால் அது பங்குதாரருக்குச் சொந்தம். முகாமையாளரைப் பற்றிய ஊகம் அனைத்தும் இவ்விரு சொந்தங்களுக்கும் இடையிலுள்ள வெளியிலேதான் பிறக்கிறது.

தொடக்க காலத்தில் முகாமையாளரைப் பற்றி எவரும் ஊகித்திலர். ஏனெனில் இன்று நாம் கருதும் பொருளில் அப்பதவியே இருக்கவில்லை. கழகச் செயலாளர் கடிதம் எழுதினார், கணக்கு வைத்தார்; ஆடுவோரைத் தெரிந்தவர்கள் பணிப்பாளர்களே. இந்நிலையை மாற்றியோருள் முதன்மையானவர் ஹேர்பேர்ட் சப்மன். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனான அவர், ஹடர்ஸ்பீல்ட் கழகத்தை 1924 இலும் 1925 இலும் லீக் சம்பியனாக்கினார். 1925 இல் ஆர்சனல் கழகம் முகாமையாளர் தேவையெனப் பத்திரிகையில் விளம்பரஞ் செய்தபோது அப்பதவிக்கு வந்த அவர், ஆட்டம் பற்றிய விடயங்களிலே தம் சொல்லே முடிவான சொல்லாக இருத்தல் வேண்டும் என்பதை நிலைநாட்டினார். 1934 சனவரியில் அவர் இறந்தபோது, முகாமையாளர் என்பார் கழகத்தின் முகமாகவே மாறிவிட்டிருந்தார். தேசியக் குழுவிலோ பழைய முறை மேலும் நீடித்தது. பாடசாலை ஆசிரியராயிருந்த வோல்ற்றர் வின்ரர்பொற்றம் 1946 இல் இங்கிலாந்துக் குழுவின் முதல் முகாமையாளரானார். எனினும் 16 ஆண்டுகள் ஆடுவோரைத் தெரிந்தது ஒரு குழுவே. அவருக்குப் பின்வந்த அல்ப் ராம்சி அவ்வதிகாரம் முழுவதையும் கேட்டுப் பெற்றார். 1966 இல் உலகக் கிண்ணத்தை வென்றார்.

அதிகாரம் ஒருவர் கையிற் குவிந்தபோது, அவர் யாரென்பது மக்களின் கவலையாயிற்று. அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இப்பதவியின் புகழ்மிக்கோர் பலர் இரசிகரின் வர்க்கத்திலிருந்தே எழுந்தனர். மன்செஸ்டர் யுனைற்றெட்டின் மற் பஸ்பி, லிவர்பூலின் பில் ஷாங்க்லி, செல்ரிக்கின் ஜொக் ஸ்ரைன் ஆகிய மூவரும் ஸ்கொத்லாந்தின் சுரங்கப் பகுதிகளிற் பிறந்து, தாமும் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்கள். பின்னாளில் வந்த அலெக்ஸ் பேர்குசன் கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் ஒரு கப்பற்பட்டறைத் தொழிலாளியின் மகன். கருவிசெய்யும் தொழில் பயின்று தொழிற்சங்கப் பிரதிநிதியாயிருந்தவர். ஷாங்க்லி தம் ஆட்டக் கொள்கையைச் சமவுடைமைக் கொள்கையாகவே விளக்கி வந்தார். ஒருவருக்காக மற்றவர் உழைத்தல், பயனை எல்லோரும் பகிர்தல் என்பதே அதன் சாரம். தம்முள் ஒருவன் அதிகாரத்தில் அமர்ந்திருப்பதைக் காணும் வாய்ப்பு, தொழிலாளிக்கு ஆலையிலே கிட்டவில்லை. நகர சபையிலும் எளிதாகக் கிட்டவில்லை. சனிக்கிழமை மைதானத்திலே கிட்டியது. ஆதலின் அந்த ஆசனத்தில் அடுத்து அமர்பவர் யார் என்பது அவனுக்கு வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை.

1973 ஒக்ரோபரில் டார்பி நகரில் நிகழ்ந்தவை இதற்குச் சான்று. 1967 இல் இரண்டாம் பிரிவில் இருந்த டார்பி கவுண்டிக் கழகத்தை ஏற்ற பிறையன் கிளவ், தம் துணைவர் பீற்றர் டெயிலருடன் சேர்ந்து அதனை 1972 இல் லீக் சம்பியனாக்கினார். கழகத் தலைவரோடு ஏற்பட்ட பிணக்கினால் இருவரும் பதவி விலகினர். அப்போது இரசிகர் ஊகத்துடன் நின்றுவிடவில்லை. எதிர்ப்பியக்கம் ஒன்றை அமைத்தனர், கூட்டங் கூடினர், அவ்விருவரையும் மீள அழைக்குமாறு கோரினர். ஆட்டக்காரரும் தம் பெயர் பொறித்த கோரிக்கையைச் சபைக்குக் கொடுத்தனர். பணிப்பாளர் சபை அசையவில்லை. கழகத்தின் முன்னாள் ஆட்டத் தலைவர் டேவ் மக்கேயை அது நியமித்தது.

பின்னர் நடந்தது சிந்தனைக்குரியது. மக்கள் கேட்காத மக்கேயின் கீழ் டார்பி 1975 இல் மீண்டும் லீக் சம்பியனாயிற்று. மக்கள் கேட்ட கிளவோ ஏறத்தாழ 15 மைல் தொலைவிலுள்ள நொற்றிங்ஹம் பொரஸ்ற் கழகத்துக்குச் சென்று, 1978 இல் லீக்கையும், 1979 இலும் 1980 இலும் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றார். இரு நகரங்களையும் இணைக்கும் பெருந்தெரு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சபை சொன்னது சரியா, மக்கள் சொன்னது சரியா? வெற்றியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இரு தரப்பும் சரியே. ஆகவே பிரச்சினை யாருடைய ஊகம் பலித்தது என்பதன்று. யாருடைய சொல் செல்லும் என்பதே. மக்கேயின் வெற்றி பணிப்பாளரின் தெரிவை நியாயப்படுத்தலாம். மக்களைக் கேளாது விட்டதை அது நியாயப்படுத்தாது.

ஊகமே தவறான வழியிற் செல்வதும் உண்டு என்பதனையும் நாம் மறைத்தலாகாது. இரசிகர் பெரும்பாலும் பெரியதொரு பெயரையே தேடுகின்றனர். 1974 யூலை 12 ஆம் திகதி, எஃப். ஏ. கிண்ணத்தை வென்று இரு மாதங்கள் சற்றுக் கழிந்த நிலையில், ஷாங்க்லி பதவி துறப்பதாக அறிவித்தபோது லிவர்பூல் நகரம் அதிர்ந்தது. அவரைப்போல் இன்னொருவர் எங்கே கிடைப்பார் என்று மக்கள் ஏங்கினர். கிடைத்தவரோ அவரைப்போன்றவர் அல்லர். 1939 முதல் அக்கழகத்திலேயே ஆட்டக்காரராகவும், பயிற்றுநராகவும், காயம் தீர்ப்பவராகவும் இருந்த பொப் பெயிஸ்லி என்பவர் அவர். டறம் மாவட்டத்தின் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். செங்கல் அடுக்கும் தொழில் பயின்றவர். மேடைப் பேச்சு வராதவர். பதவியை விரும்பி ஏற்றவருமல்லர். 9 ஆண்டுகளில் அவர் 6 லீக் பட்டங்களையும் 3 ஐரோப்பியக் கிண்ணங்களையும் வென்றார்.

இதன் இரகசியம் என்ன? ஷாங்க்லி தனியே உழைத்தவரல்லர். மைதானத்தின் பாதணி அறையிலே பயிற்றுநர் கூடி, ஆட்டத்தை ஆராய்ந்து, குறிப்பெழுதி வந்தனர். பெயிஸ்லிக்குப் பின் 1983 இல் வந்த ஜோ பேகனும் அவ்வறையிலிருந்தே வந்தார்; மறு ஆண்டே ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றார். வரலாற்றில் தனிமனிதரின் பாத்திரம் பற்றிப் பிளெக்கானவ் 1898 இல் எழுப்பிய வினாவை இங்கும் எழுப்பலாம். தனிமனிதரின் ஆற்றலை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வாற்றல் செயற்படுவதற்கான கூட்டு உழைப்பும் அமைப்பும் முன்னரே இருத்தல் வேண்டும்.

மன்செஸ்டரின் வரலாறு மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1945 இல் குண்டுவீச்சாற் சிதைந்த மைதானத்துடன் தொடங்கி, 1958 இன் மியூனிச் விமான விபத்தில் 8 ஆட்டக்காரரை இழந்து, 1968 இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற பஸ்பி, 1969 இல் விலகினார். அவரிடத்துக்கு வந்த வில்ப் மக்கின்னசுக்கு வயது 31. முகாமையாளர் என்ற பெயருங்கூட முதலில் அவருக்கு வழங்கப்படவில்லை. 1970 முடிவதற்குள் அவர் நீக்கப்பட்டார். அடுத்து வந்தவரும் 18 மாதங்களே நிலைத்தார். 1974 இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2013 இலும் இதுவே மீண்டது. 26 ஆண்டுகளும் 13 லீக் பட்டங்களும் கண்ட பேர்குசன் மே 8 இல் ஓய்வை அறிவித்தார். மறுநாளே, அவர் தெரிந்த டேவிட் மொயஸ் நியமிக்கப்பட்டார். மக்களுக்கு ஊகிக்கவும் ஒரு நாளே எஞ்சியது. தெரிந்தெடுக்கப்பட்டவர் என்று மொயஸை வரவேற்ற பதாகை மைதானத்திலே தொங்கியது. 2014 மார்ச்சில் அவரை விலகச் சொல்லும் வாசகத்தை இழுத்துக்கொண்டு, இரசிகர் காசு சேர்த்து அமர்த்திய விமானமொன்று அதே மைதானத்தின் மேற் பறந்தது. ஏப்பிரலில் அவர் நீக்கப்பட்டார். 2024 வரையிலான 11 ஆண்டுகளில் நிலையான நியமனம் பெற்ற ஐவர் அவ்வாசனத்தில் ஏறி இறங்கினர்.

ஒவ்வொரு முறையும் கோபம் முகாமையாளர் மீது பாய்ந்தது. 2005 இல் கிளேசர் குடும்பத்தினர் ஏறத்தாழ 79 கோடி பவுணுக்குக் கழகத்தை வாங்கி, அதற்கான கடனிற் பெரும்பகுதியைக் கழகத்தின் தலையிலேயே ஏற்றியதை எல்லோரும் அறிவர். ஆனால் உடைமையாளரை நீக்குதல் அரிது. முகாமையாளரை நீக்குதல் எளிது. இங்கேதான் ஊகம் உடைமையாளருக்குப் பயன்படுகிறது. அடுத்தவர் யார் என்று மக்கள் வாதாடும்வரை, கழகம் யாருடையது என்ற வினா பின்தள்ளப்படுகிறது. 1992 இல் பிரீமியர் லீக் தோன்றித் தொலைக்காட்சிப் பணம் பெருகியபின் ஊகமே ஒரு பண்டமாயிற்று. அதனை அச்சிட்டு விற்கலாம், ஒளிபரப்பி விற்கலாம், அதன்மேற் பந்தயமும் கட்டலாம். இதற்கிடையில் முகாமையாளரின் அதிகாரமும் சுருங்கியது. பல கழகங்களில் அவர் இன்று தலைமைப் பயிற்றுநர் மட்டுமே. ஆட்டக்காரரை வாங்குவதும் விற்பதும் வேறு அலுவலர் கைகளிலே உள்ளன. சப்மன் வென்றெடுத்த அதிகாரம் சிறிது சிறிதாக மேலிடத்துக்கே திரும்பிச் செல்கிறது.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. யேர்மனியில் 1998 முதல் நிலவும் விதியொன்று, சில விலக்குகள் நீங்கலாக, வாக்குரிமையிற் பெரும்பான்மை கழக உறுப்பினரிடமே இருத்தல் வேண்டும் என்கிறது. பார்சலோனாவில் உறுப்பினரே தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் வாக்குரிமை மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. றியல் மட்றிட் கழகத் தலைவர் தேர்தலில் 2000 இல் புளோரன்ரினோ பெரஸ், போட்டிக் கழகமான பார்சலோனாவின் லூயிஸ் பிகோவைக் கொணர்வதாக வாக்களித்து வென்றமை, தேர்தலும் பெரும் பெயர்களின் சந்தையாகலாம் என்பதைக் காட்டும். மன்செஸ்டரிலோ 2005 இல் இரசிகர் சிலர் பிரிந்து, ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற அடிப்படையில் தமக்கென ஒரு சிறு கழகத்தை நிறுவினர்.

2021 ஏப்பிரல் 18 இல் ஐரோப்பாவின் 12 செல்வக் கழகங்கள் தமக்கெனத் தனி லீக் அமைக்கப்போவதாக அறிவித்தன. இங்கிலாந்தின் இரசிகர் தெருவில் இறங்கினர். இரு நாள்களுள் அந்நாட்டின் 6 கழகங்களும் பின்வாங்கின. அப்போது எவரும் ஊகித்துக் கொண்டிருக்கவில்லை; மறுத்தனர், மறுப்பு வென்றது. அவ்வெழுச்சியின் விளைவாகவும் அமைந்த 2025 ஆம் ஆண்டின் உதைபந்தாட்ட ஆட்சிச் சட்டம், மைதானம், சின்னம் போன்றவற்றில் இரசிகரின் கருத்துக்கு இடமளிக்கிறது. உடைமையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆதலின், அடுத்தவர் யார் என்று வாதிடும் இரசிகனை நாம் எள்ளி நகையாடத் தேவையில்லை. ஆட்டக்காரரின் திறனை நிறுக்கிறான், கடந்தகாலத்தை நினைவுகூர்கிறான், நண்பனின் நியாயத்தைக் கேட்டுத் தன் நியாயத்தைத் திருத்துகிறான். பொதுக்காரியமொன்றைத் தன் காரியமாகக் கருதுபவனின் செயல் இது. அவனிடம் குறைவாயிருப்பது அறிவன்று, அதிகாரமே. ஆலையிலும் அலுவலகத்திலும் பாடசாலையிலும், தம்மை வழிநடத்துவோர் யாரென ஊகிக்க மட்டுமே உரிமை பெற்றோர் எத்தனை பேர் என்பதனையும் நாம் எண்ணிப் பார்த்தல் நன்று. அடுத்தவர் யார் என்ற கேள்வியோடு, அவரைத் தெரிபவர் யார் என்ற கேள்வியும் மக்கள் வாயில் எழும்பொழுதே ஊகம் உரிமையாக மாறத் தொடங்கும்.