காட்டுக்கு ஓர் ஆயுள் அட்டை

செனாயில் விமான நிலையம் திறந்தது 1974இல். சுற்றுவட்டாரப் பால்மரத் தோட்டங்களில் அப்போது பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஆண்டை மறக்கவில்லை. நிரையில் நின்று மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் விமானம் தாழ இறங்கியதை இன்றும் சொல்கிறார்கள். அன்று இருபத்தைந்து வயதில் உளி பிடித்தவர்களுக்கு இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது. நம் மன்றத்தின் இந்த மலரைக் கையில் வாங்கப்போகிறவர்களில் பலர் அவர்கள்தாம்.

அதே 1974இல் அமெரிக்காவில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. 62 வயது நிறைந்தவர்கள் தேசியப் பூங்காக்களுக்குக் கட்டணமின்றிப் போய்வர, சாகும்வரை செல்லுபடியாகும் ஓர் அட்டையை அது தந்தது. அதன் பெயர் ‘கோல்டன் ஏஜ் பாஸ்போர்ட்’. 1972இல் ஆண்டுதோறும் வாங்கவேண்டிய சீட்டாகத்தான் அது தொடங்கியது. ‘ஆயுள்’ என்ற சொல் சேர இரண்டு ஆண்டுகள் ஆயின. உலகின் முதல் தேசியப் பூங்கா எனப்படும் யெல்லோஸ்டோன் 1872இல் அமைந்தது. வயதானவர்களை வாசலில் தனியாகக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் வர அங்கேயே நூறு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

மலருக்கு ஜொகூர்ப் பூங்காக்களின் வரலாற்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் அமெரிக்காவில் தொடங்கியதற்குக் காரணம் அந்த அட்டை. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு நம் பூங்காக்களை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

முதலில் அட்டை இலவசம். 1994 முதல் 10 டாலர், அதுவும் ஆயுளில் ஒரே ஒரு தடவை. 2007இல் பெயர் ‘சீனியர் பாஸ்’ என்று மாறியது. பூங்காத் துறை, வனத்துறை, நில நிர்வாகத் துறை, மீன்-வனவிலங்குத் துறை, அணைகளைப் பார்க்கும் துறை, ராணுவப் பொறியாளர் பிரிவு என ஆறு கூட்டரசு அமைப்புகள் இந்த ஒரே அட்டையை ஏற்றுக்கொள்கின்றன. 2,000க்கும் மேற்பட்ட இடங்களில் அது செல்லும். கூடாரம் அடித்துத் தங்குவது போன்ற சிலவற்றுக்குப் பாதிக் கட்டணம். அட்டைக்குப் பின்னால் கையெழுத்துப் போட வேண்டும், வாசலில் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும், தொலைத்துவிட்டால் மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டும். இந்த விதிகள் எல்லா இடத்திலும் இருப்பவைதான்.

என்னை நிறுத்தி வைத்தது வேறொரு விதி. வண்டிக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் பூங்காவில், அட்டைக்குரியவர் அந்த வண்டியில் இருந்தால் போதும், உடன் வருகிற எல்லோருக்கும் அதே அட்டை. ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் இடத்தில் அவரோடு இன்னும் மூன்று பெரியவர்கள் போகலாம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எப்படியும் கட்டணம் இல்லை. ஆக, மகன் கார் ஓட்டுகிறான், மருமகளும் பேரப்பிள்ளைகளும் பின்னால் இருக்கிறார்கள், முன்சீட்டில் இருக்கும் பாட்டியின் அட்டைதான் குடும்பத்தையே உள்ளே அழைத்துப் போகிறது. நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் என்றால் பெரியவர்கள் சொல்வது என்ன? “நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் வீட்டைப் பாத்துக்குறேன்.” அவர் வந்தால் செலவு, வராவிட்டால் மிச்சம் என்ற கணக்கை அவரே மனத்துக்குள் போட்டு முடித்துவிடுகிறார். அவர் வந்தால்தான் மிச்சம் என்று ஒரு சட்டம் எழுதிவைத்தால் அந்த வீட்டில் அவருடைய இடமே மாறிவிடும்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பூங்காக்களில் சாலை, பாலம், கழிப்பறை, குடிநீர்க் குழாய் எனச் செய்யாமல் தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலைகளின் மதிப்பு 2016 வாக்கில் 1,100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2016 டிசம்பரில் வந்த சட்டம் முதியோர் அட்டையின் விலையை, மற்றவர்கள் வாங்கும் ஓராண்டு அட்டையின் விலையோடு இணைத்தது. 2017 ஆகஸ்ட் 28 முதல் 10 டாலர் 80 டாலராயிற்று. அந்தத் தேதிக்கு முன்பு வாங்கிவிட வேண்டும் என்று மக்கள் அலைமோதினார்கள். மொத்தமாக 80 கொடுக்க முடியாதவர்களுக்கு 20 டாலரில் ஓராண்டு அட்டை உண்டு. அப்படி நான்கு அட்டை சேர்ந்தால் அவற்றைக் கொடுத்து ஆயுள் அட்டையாக மாற்றிக்கொள்ளலாம். ஏழைக்கும் வழி வைத்துத்தான் விலையைக் கூட்டியிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய செய்தி, பழைய அட்டைகளை அவர்கள் செல்லாதவை ஆக்கவில்லை என்பது. 10 டாலருக்கு வாங்கியவரும், அதற்கு முன்னால் இலவசமாகவே பெற்றவரும் அதே அட்டையோடு இன்றும் போய்வரலாம். இந்தியாவில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கிறேன். அங்கே ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 விழுக்காடும் 58 வயதான பெண்களுக்கு 50 விழுக்காடும் கட்டணக் குறைப்பு இருந்தது. 2020 மார்ச்சில் கோவிட் வந்ததும் அதை நிறுத்தினார்கள், தொற்று ஓய்ந்த பிறகும் பழையபடி தரவில்லை. ஊரில் இருக்கும் நம் உறவுகள் பலர் அந்தச் சலுகையை நம்பித்தான் ராமேஸ்வரமும் காசியும் போய்வந்தார்கள். சலுகை என்று கொடுத்ததை ஓர் அறிவிப்பில் எடுத்துவிட முடிகிறது. ஆயுளுக்கு என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் எடுப்பது கடினம்.

இனி நம் பூங்காக்களுக்கு வருகிறேன்.

மலாயாவின் முதல் தேசியப் பூங்கா 1938-39இல் பிறந்தது. தியோடர் ஹப்பேக் என்ற வெள்ளைக்காரர் முதலில் வேட்டைக்காரராக இருந்து பிறகு விலங்குகளுக்காக வாதாடியவர். அவருடைய பல ஆண்டு முயற்சியில் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் தனித்தனியே சட்டம் இயற்றி, 4,343 சதுர கிலோமீட்டர் காட்டை மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரில் ஒதுக்கிவைத்தன. சுதந்திரத்துக்குப் பிறகு அது ‘தாமான் நெகாரா’ ஆனது. நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்தில் இருப்பதால்தான் ஒரே காட்டுக்கு மூன்று சட்டம் தேவைப்பட்டது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை எல்லாம் புரியும்.

எண்டாவ் ரொம்பின் காடு ஜொகூருக்கும் பகாங்குக்கும் நடுவில் இருக்கிறது. அதைத் தேசியப் பூங்கா ஆக்க வேண்டும் என்று மூன்றாம் மலேசியத் திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் 1977இல் பகாங் பக்கத்தில் மரம் வெட்ட அனுமதி கிடைத்து, காட்டின் நடுப்பகுதிக்குள் ரம்பம் புகுந்தது. இயற்கைச் சங்கத்தாரும் பத்திரிகைகளும் பொதுமக்களும் எழுப்பிய குரலில் மறு ஆண்டு வெட்டு நின்றது. இந்த நாட்டில் ஒரு காட்டுக்காக மக்கள் அவ்வளவு பேர் சேர்ந்து பேசியது அதுவே முதல் தடவை என்று சொல்லலாம். 1985-86இல் மலாயா இயற்கைச் சங்கம் அறிஞர்களையும் தொண்டர்களையும் கூட்டிக்கொண்டு ஓராண்டு அந்தக் காட்டை ஆராய்ந்தது. அறிவியல் உலகம் அதுவரை அறியாத ஒரு விசிறிப்பனை அங்கே இருப்பது தெரியவந்தது. எண்டாவின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

கூட்டரசின் தேசியப் பூங்காச் சட்டம் 1980இலேயே வந்துவிட்டது. ஜொகூர் அதற்குள் போகாமல் 1989இல் தனக்கென்று ஒரு சட்டம் இயற்றி ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தை அமைத்தது. 1993இல் எண்டாவ் ரொம்பினின் ஜொகூர்ப் பகுதி, ஏறக்குறைய 489 சதுர கிலோமீட்டர், பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பெத்தா கிராமத்து ஜக்கூன் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த காடு அது. வருகிறவர்களுக்கு இன்று அவர்களே வழிகாட்டுகிறார்கள். குனோங் லேடாங், மெர்சிங் கடலோரத் தீவுகள், பூலாவ் கூக்கூப், தஞ்சோங் பியாய் எனக் கழகத்தின் பொறுப்பு பிறகு விரிந்தது. ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாயும் கூக்கூப் தீவும் 2003 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன.

நம் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரியும் குனோங் பூலாய்க்குத் தனிக் கதை. 654 மீட்டர் உயரமுள்ள அந்த மலையடிவாரத்தில் 2,100 ஏக்கரை 1927இல் சிங்கப்பூர் நகராட்சி தண்ணீருக்காகக் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 30 காசு. பின்னால் சிங்கப்பூருடனான 1961 நீர் ஒப்பந்தம் வந்து, அதுவும் 2011 ஆகஸ்டு 31இல் முடிந்து, நீர்நிலையம் ஜொகூரின் கைக்கு வந்தது. அந்த மலை தேசியப் பூங்கா இல்லை. அதன் கேளிக்கைக் காடு வனத்துறையின் கீழ் வருகிறது. ஆக, ஒரே மாநிலத்துக்குள் நாம் போகும் காட்டுக்கு ஒரு நிறுவனம், மலைக்கு ஒரு நிறுவனம். நாடு முழுக்கப் பார்த்தால் தாமான் நெகாராவைப் பார்ப்பது வனவிலங்குத் துறை, சபாவுக்கும் சரவாக்குக்கும் அவரவர் அமைப்பு. நாடு முழுவதற்கும் பொதுவாக ஓர் ஆயுள் அட்டை நம்மிடம் இல்லாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கோலா தஹானில் தாமான் நெகாராவுக்குள் நுழையப் பல ஆண்டுகளாக 1 ரிங்கிட்தான் வாங்கினார்கள், கேமராவுக்கு 5 ரிங்கிட். அப்படியிருக்க முதியவர்களுக்கு எதற்கு அட்டை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது நான் கண்ணால் பார்த்த ஒன்று.

செனாயிலிருந்து எங்கள் மூத்தோர் குழு வேன் பிடித்துத் தஞ்சோங் பியாய் போயிருந்தது. தூக்குச் சட்டியில் புளிச்சோறு, ஒரு பெட்டி தண்ணீர். சீட்டுக் கொடுக்கும் பெண் அன்பாகத்தான், “ஐசி அடா, மக்சிக்?” என்று கேட்டார். உடனே எல்லோரும் பையைத் துழாவ ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டியின் மைகாட், பிளாஸ்டிக் உறைக்குள் கோயில் குங்குமப் பொட்டலத்தோடு ஒட்டிக்கிடந்தது. பின்னால் நின்ற இன்னோர் அம்மாள் பையைத் திறக்கவே இல்லை. மெல்ல விலகிப்போய் வேன் ஓரத்தில் நின்றுகொண்டார். போய்க் கேட்டேன். “எனக்குச் செவப்பு ஐசி தம்பி. என்னால உங்களுக்கு எதுக்குச் சிரமம், நான் இங்கயே இருக்கேன்” என்றார். குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கான அட்டை அது. பதினாலு வயதில் பால்மரத் தோட்டத்துக்கு வந்து, ஐம்பது ஆண்டு வேலை செய்து, நான்கு பிள்ளைகளை இந்த நாட்டுக் குடிமக்களாக வளர்த்தவர். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுதான் உள்ளே போனோம். அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை நீளமாகப் போகிறது. கீழே சேற்றில் வேர்கள் குத்திட்டு நிற்க, உளுவை மீன்கள் தத்திக்கொண்டிருந்தன. அவர் கைப்பிடியைத் தாண்டிக் கையை நீட்டி ஒரு மரத்தின் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பட்டையின் தடிப்பைப் பார்க்கும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. “இது வெட்டாத மரம். எவ்வளவு நிம்மதியா நிக்குது பாரு” என்றார்.

அன்று எங்களுக்கு நுழைவுக்கட்டணம் பெரிய தொகையாக இல்லை. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் வயதை நிரூபித்து, நிறத்தைக் காட்டி, கேட்டு வாங்குவது அந்த அம்மாளைப் போன்றவர்களை வேன் ஓரத்தில் நிறுத்திவிடுகிறது. அமெரிக்க அட்டையின் விதியில் ஒரு வரி இருக்கிறது: குடியுரிமை பெற்றவருக்கும் நிரந்தரமாக வசிப்பவருக்கும் அது பொது. அப்படி ஓர் அட்டை கேட்டு நாம் கொடுக்கும் கோரிக்கை மனுவிலும் அந்த வரி முதலில் இருக்க வேண்டும்.

நாடு முழுவதற்கும் ஓர் அட்டை என்றால் பல மாநிலச் சட்டங்களைத் தாண்ட வேண்டும். ஜொகூர்ப் பூங்காக்கள் ஒரே கழகத்தின் கீழ் இருப்பதால் இங்கே தொடங்குவது எளிது. மலேசியாவில் 60 வயது நிறைந்தவர் மூத்த குடிமகன் என்று 1995இன் தேசிய முதியோர் கொள்கை காலத்திலிருந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அந்த வயதில் ஒருமுறை சிறு தொகை கட்டி வாங்கும் அட்டை, அதோடு கைபிடித்து அழைத்துப்போக ஒரு துணை, வந்த பணம் நடைபாதைக்கும் கழிப்பறைக்கும் உட்காரும் பெஞ்சுக்கும். பலகை பெயர்ந்த நடைபாதையில் ஆயுள் அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிறகு வனத்துறையும் சேர்ந்தால் குனோங் பூலாய்க்கும் அதே அட்டை போதும்.

மன்றம் இந்த மனுவைத் தயாரிக்கிறது. 60 வயது நிறைந்தவர்கள் அடையாள அட்டையின் நகலைச் செயலாளரிடம் கொடுங்கள். சிவப்பு அட்டை வைத்திருக்கும் பெரியவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அவராக வரமாட்டார். நீங்கள் போய் அவர் பெயரை எழுதி வாங்கி வாருங்கள்.