மலையில் கட்டிய கம்பி

செம்பூரில் நம் அண்டை வீட்டார் அண்மையில் உல்லாசக் கப்பற்பயணம் ஒன்றுக்கு ஆயத்தமாயினர். அமெரிக்காவில் வாழும் மகள் எல்லார்க்கும் சீட்டு வாங்கியிருந்தாள். கரீபியன் கடலில் ஒரு வாரம், நாளுக்கொரு துறை, நான்காம் நாள் கோஸ்டாரிக்கா நாட்டில் இறங்கிக் காட்டுக்குள் சென்று, மரத்துக்கு மரம் கட்டிய இரும்புக் கம்பியில் தொங்கியபடி சறுக்கிச் செல்லுதல். இதனை ஜிப்லைன் என்கின்றனர். வீட்டார் கடவுச்சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, எண்பத்தைந்து வயது கடந்த பாட்டியார் கேட்டது ஒன்றே: "அந்தக் கம்பியை அங்கிட்டு யாருய்யா புடிச்சுக்கிருவாக?"

பேரன் நகைத்தான். நமக்கு நகைப்பு வரவில்லை. பாட்டியார் போடிநாயக்கனூரிற் பிறந்தவர். கம்பியைப் பற்றி அவ்வூரார்க்குத் தெரிந்தது பம்பாய்வாசிகளுக்குத் தெரியாது.

கயிற்றை நம்பி அந்தரத்தில் இறங்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. குறிஞ்சி நிலத்து மக்கள் செங்குத்தான பாறைகளில் தொங்கும் தேனடைகளை எடுப்பதற்கு மூங்கிலாலான கண்ணேணியை அமைத்தனர். அதற்கு மால்பு என்று பெயர். மலைபடுகடாம் அதனைக் குறிப்பிடுகின்றது. நீலகிரிக் குறும்பர் காட்டுக் கொடிகளை முறுக்கி ஏணியாக்கி, பாறை விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, புகை மூட்டத்தோடு இறங்கித் தேன் எடுப்பர். மேலே கொடியைக் காத்து நிற்பவர் யார்? தேனெடுக்கும் மலைக்குடிகள் பலவற்றில் அப்பொறுப்பு உடன்பிறந்தானுக்கு உரியதன்று. மனைவியின் உடன்பிறந்தானுக்கே, அதாவது மைத்துனனுக்கே, உரியது என்பர். தங்கையின் தாலிக்கு ஊறு வர எந்த அண்ணனும் கொடியை நெகிழவிடமாட்டான் அன்றோ? பாட்டியாரின் வினாவுக்கு மலைமக்கள் கண்ட விடை அது. இன்றைய பொறியாளர் எவரும் இதனினும் கூர்மையாகச் சிந்தித்ததாக நமக்குத் தோன்றவில்லை.

மேலைநாட்டில் இவ்வினாவுக்கு விடை தவறிய வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் இராபர்ட் காட்மன் என்பான் கோயிற் கோபுரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. கோபுர உச்சியிலிருந்து தரைவரை கயிறு கட்டி, மார்பில் பள்ளமிட்ட மரப்பலகையை அணிந்து, அக்கயிற்றின்மேல் குப்புறச் சறுக்கி வந்து வேடிக்கை காட்டுவான். 1739-ஆம் ஆண்டு ஷ்ரூஸ்பரி நகரில் தூய மரியாள் கோயிற் கோபுரத்திலிருந்து செவர்ன் ஆற்றைக் கடந்து கயிறு கட்டினான். கயிறு மிக இறுகியிருப்பதை உணர்ந்து, தளர்த்துமாறு சைகை காட்டினான் என்றும், கீழே நின்றோர் அதனைப் பிறழ உணர்ந்து மேலும் இறுக்கினர் என்றும் சொல்வர். கயிறு அறுந்தது, அவனும் மாண்டான். அவன் மனைவி கூட்டத்தாரிடம் காசு திரட்டிக்கொண்டிருந்த வேளை அது. அக்கோயிற் சுவரில் அவன் நினைவுக் கல் இன்றும் உள்ளது.

நாரும் கொடியும் இருந்த இடத்திற்கு இரும்பு வந்தது 1834-ஆம் ஆண்டில். செருமனி நாட்டு ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்னும் அதிகாரி இரும்புக் கம்பிகளை முறுக்கி வடமாக்கினார். ஓரிழை அறுந்தாலும் பிற இழைகள் தாங்குவதால், அறுதலுக்கு முன்னரே கண்டு மாற்றலாம் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. சுரங்கத்திற்கெனப் பிறந்த அவ்வடம் பின்னர்ப் பாலங்களுக்குச் சென்றது, மலைத்தோட்டங்களுக்கும் வந்தது. அங்கேதான் நம்மவர் வரலாறு தொடங்குகின்றது.

1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். இன்று மூணாறு என நாம் வழங்கும் நிலம் அது. சிங்கோனா, காப்பி முதலியவற்றைப் பயிரிட்டுப் பார்த்து, இறுதியில் தேயிலையை நிலைநாட்டினர். காட்டை வெட்டியவரும் செடி நட்டவரும் கொழுந்து கிள்ளியவரும் யார்? மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற நம் மக்கள். போடிநாயக்கனூரிலிருந்து கொட்டகுடி வழியே செங்குத்தான மலைப்பாதையில் மூட்டை முடிச்சும் கைக்குழந்தையுமாக அவர்கள் நடந்தே ஏறினர்.

ஏறியது மனிதர், இறங்க வேண்டியது தேயிலை. முதலில் அது தலைச்சுமையாகவும் பொதியாகவும் இறங்கிற்று. 1902-ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாள வண்டிப் பாதை ஒன்றை அமைத்தனர். அது வேடிக்கையான அமைப்பு. வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தின் மீதும் பெருஞ்சக்கரம் தரையின் மீதும் உருளும்; இழுப்பவை காளைகள். 1908-ஆம் ஆண்டில் அதற்கு மாற்றாக இரண்டடி அகல இருப்புப் பாதை வந்தது. அப்பாதை முடியும் மலைவிளிம்பே டாப் ஸ்டேஷன். அதற்கப்பால் மலை சுவர்போல் இறங்குகின்றது; வண்டி எதுவும் செல்லாது. ஆகவே அங்கிருந்து கொட்டகுடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்குக் காட்டின் மேல் இரும்பு வடம் கட்டினர். தேயிலைப் பெட்டிகள் அவ்வடத்தில் தொங்கியபடி முகிலைக் கிழித்துக்கொண்டு இறங்கின. இறங்கிய இடத்திற்குப் பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயராயிற்று. அங்கிருந்து 15 கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர், பின்னர் இரயில், பின்னர்க் கப்பலேறி இங்கிலாந்து.

நேயர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். காட்டின் மேல் கம்பியும் கடலில் கப்பலுமாகிய அதே பயணத்தைச் செம்பூர்க் குடும்பம் இன்று பணம் கொடுத்து வாங்கியிருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அப்பயணம் தேயிலைப் பெட்டிக்கே வாய்த்தது. பெட்டியை நிரப்பிய கைகளுக்கு உரியவர் மலைப்பாதையில் நடந்தே ஏறி இறங்கினர்.

இலங்கை மலையகத்திலும் இதே கதை. ஆங்குச் சென்றோருள் இச்சீமைகளினின்று சென்றவரும் உளர். உயர்ந்த சரிவுகளிற் கிள்ளிய கொழுந்தைத் தொழிற்சாலைக்குத் தூக்கி வருதல் பெருந்துன்பம், காலமும் வீணாகும், கொழுந்தும் வாடும். ஆகவே மேற்சரிவிலிருந்து தொழிற்சாலை வாயில்வரை சாய்வாகக் கம்பி கட்டி, கொழுந்து மூட்டையைக் கொக்கியில் மாட்டித் தள்ளிவிடுவர். மூட்டை தன் எடையாலேயே சறுக்கி வந்து சேரும். எந்திரம் இல்லை; நீராவி இல்லை; உயரமும் சாய்வும் மட்டுமே. இன்றைய ஜிப்லைன் என்பது இதுவே; மூட்டை இருந்த இடத்தில் மனிதர் தொங்குகின்றனர் என்பதே வேற்றுமை.

குண்டளை இருப்புப் பாதையின் முடிவு கொடியது. 1924-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையெங்கும் பெய்த பெருமழை பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. மீண்டும் அது போடப்படவில்லை. மலையாளக் கொல்லம் ஆண்டு 1099 ஆதலால் அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று கேரளத்தார் இன்றும் சொல்வர்.

கம்பியில் மனிதரைத் தொங்கவிட்டுக் காட்டைக் காட்டலாம் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அறிவியலாரிடமிருந்து வந்தது. மழைக்காட்டின் உயிர்கள் பெரும்பாலும் தரையில் வாழ்வதில்லை. நூறடிக்கு மேல், மரமுகடுகளில் வாழ்கின்றன. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு அவை புலப்படா. 1970-களில் டொனால்டு பெரி என்னும் இளம் உயிரியலாளர் கோஸ்டாரிக்கக் காட்டில் குறுக்குவில்லால் மரக்கிளைகளின் மேல் கயிற்றை எய்து, அதில் ஏறித் தொங்கி ஆராய்ந்தார். பின்னர் மரத்துக்கு மரம் கயிறு கட்டி முகடெங்கும் உலவினார். 1994-ஆம் ஆண்டில் அவர் காட்டின் மேலே பொதுமக்கள் அமர்ந்து செல்லும் கம்பியூர்தியையும் அமைத்தார். அதே காலத்தில் அந்நாட்டு மொன்தேவெர்தே மலைகளில் கம்பிச் சறுக்கு, வணிகமாகவே வளர்ந்தது. கப்பற் குழுமங்கள் அதனைக் கண்டன. துறையில் காலை இறங்கி மாலை ஏறும் பயணிக்கு அரை நாளில் காட்டைக் காட்ட இதனினும் எளிய வழி வேறில்லை.

நம் நாட்டிலும் இவை வந்துவிட்டன. 2009-ஆம் ஆண்டில் இராசத்தானத்து நீம்ரானாக் கோட்டை மலையில் கம்பிச் சறுக்கு தொடங்கிற்று. பம்பாயினின்று செல்வோர் 1996 முதல் இராய்கட் கோட்டைக்குக் கம்பியூர்தியில் நான்கைந்து நிமிடத்தில் ஏறிவிடுகின்றனர்; பால் விற்கச் சென்ற ஹிர்கணி என்னும் தாய், கதவு மூடிய இரவில் தன் குழந்தையை நினைந்து இறங்கியதாகச் சொல்லும் அதே பாறை அது. பழனிமலைக்கும் 2004-ஆம் ஆண்டில் கம்பியூர்தி வந்தது. மூணாற்றிலேயே இன்று சுற்றுலாப் பயணிகள் தேயிலைத் தோட்டங்களின் மேல் கம்பியில் பறக்கின்றனர். உல்லாசக் கப்பலுக்கும் இனிக் கரீபியன் செல்ல வேண்டியதில்லை. 2021 செப்டம்பரில் பம்பாயிலிருந்தே கோவா, இலட்சத்தீவுப் பக்கம் அத்தகைய கப்பற்பயணம் தொடங்கிற்று.

கடல் உலா என்றால் பம்பாயின் பழங்குடிகள் முகம் சற்று வாடும். 1947 சூலை 17-ஆம் நாள், ஆடி அமாவாசைக்கு ஊர் செல்வோர் நிறைந்த 'இராம்தாஸ்' என்னும் நீராவிக் கப்பல் பம்பாயை விட்டு ரேவஸ் நோக்கிப் புறப்பட்டது. புயற்காற்றில் பேரலை ஒன்று மோதவே, அஞ்சிய மக்கள் ஒருபுறமாக ஓடினர்; கப்பல் கவிழ்ந்தது. அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீந்திக் கரையேறியோர் வந்து சொன்ன பின்னரே நகரம் அச்செய்தியை அறிந்தது. அண்மையில், 2024 திசம்பர் 18-ஆம் நாள், எலிபெண்டாத் தீவுக்குச் சென்ற பயணிகள் படகின்மேல் கடற்படை விரைபடகு மோதிப் பதினைவர் இறந்ததை நாம் அனைவரும் அறிவோம். மிதப்புச் சட்டையை அதன் பின்னரே பலர் கையால் தொட்டுப் பார்த்தனர்.

காட்டு உலாவுக்கும் அத்தகைய நாள் ஒன்று உண்டு. அது கொட்டகுடிக்கு மிக அருகே நிகழ்ந்தது. 2018 மார்ச்சு 11-ஆம் நாள், சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்து மலையேற்றத்திற்கு வந்த இளைஞரும் மகளிரும் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். கோடைக்காலம், புல் சருகாய்க் கிடந்தது. தீ சரிவின் கீழிருந்து மேலேறிற்று. மலைத்தீ மேல்நோக்கி விரையும் என்பதை மலையிற் பிறந்தோர் அறிவர்; ஊரிலிருந்து வந்தோர் எவ்வாறு அறிவர்? இருபத்து மூவர் உயிர் நீத்தனர். தேயிலைப் பெட்டிகள் ஒரு காலத்தில் தீண்டாமல் மேலே கடந்துசென்ற மலைத்தொடரின் அதே முகம் அது. அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024-ஆம் ஆண்டில் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு தெரிந்தெடுத்த நாற்பது வழிகளைத் திறந்தபோது குரங்கணியும் அவற்றுள் ஒன்றாயிற்று. வழிகாட்டிகளுள் மலைக்குடி இளைஞரும் உளர். மைத்துனன் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கின்றனர் என்று கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் நாம் அண்டை வீட்டாரிடம் ஒருவாறு எடுத்துரைத்தோம். அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆயினும் கம்பியிற் போவோர் சிலவற்றைத் தாமே கண்ணாற் காணலாம். இடுப்புவாரை மாட்டிவிடுபவர் ஒருவராகவும் அதனைச் சரிபார்ப்பவர் வேறொருவராகவும் உள்ளனரா? உடலைக் கம்பியோடு பிணைக்கும் இணைப்பு ஒன்றா, இரண்டா? எடை மிகுந்தவர் விரைந்து செல்வர். ஆகவே எடை கேட்கின்றனரா? மறுமுனையில் வேகத்தைத் தடுக்கும் அமைப்பு எது; அது தவறினால் அடுத்தது எது? எடை கேட்காமல் ஏற்றிவிடும் இடத்தில் ஏறாமல் திரும்பிவிடலாம் என்பது நம் கருத்து. கட்டிய பணம் போனாற் போகட்டும்.

பேரன் இவற்றைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். பாட்டியார் தம் தகப்பனாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் இளமையில் கொட்டகுடிக்கும் போடிக்கும் மாட்டுவண்டி ஓட்டியவராம். மலைமேல் மேகம் மூடிய நாட்களில் பெட்டி கண்ணுக்குத் தெரியாதாம். கம்பி மட்டும் 'கிர்'ரென்று இரையுமாம். அவ்வொலி கேட்டதும் மாட்டை அவிழ்த்துப் பூட்டுவாராம். ஒருநாள் ஒலி கேட்டது, பெட்டி வரவில்லையாம். பின் என்னவாயிற்று என்று பேரன் கேட்டான்.

"மறுநா வந்துச்சு," என்றார் பாட்டியார். "ராத்திரி பூரா நடுக்காட்டுல தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. தேயிலைங்கிறதால ஒண்ணும் சொல்லலை."

கப்பல் புறப்பட இன்னும் பதினொரு நாட்கள் உள்ளன. பேரன் தன் எடையைப் பார்த்து வந்திருக்கிறான்.