தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி

எங்கள் நீடாமங்கலத்தில் கால்நடை மருந்தகம் என்றால் பழைய ஆட்களுக்குப் புரியாது. மாட்டாஸ்பத்திரி என்றால்தான் புரியும். போன வாரம் பேத்தியின் நாய்க்குட்டியை அங்கே தூக்கிக்கொண்டு போனேன். மூன்று மாதம் முடிந்ததால் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட டாக்டர், "வருஷா வருஷம் மறக்காம கொண்டாங்க சார்" என்றார்.

என் சிறுவயதில் நாய்க்கு யார் ஊசி போட்டார்கள்? கடிபட்டவருக்குத்தான், தொப்புளைச் சுற்றிப் பதினாலு. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் அதைத் தயாரித்து வந்தது. எதிர்வீட்டுப் பையன் வலிக்குப் பயந்து மூன்றாம் நாளே ஓடி ஒளிந்தான். வெண்ணாற்றில் நாளெல்லாம் நீந்திய பிள்ளை, கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்து அலறினான். நோய் கண்டபின் காப்பாற்ற இன்றும் வழியில்லை.

அந்த மருந்தின் தயாரிப்பு நம் நாட்டில் 2004 டிசம்பரோடு நின்றது. இப்போது கையில் நாலைந்து தடவை போட்டால் போதும்.

நாய் கடித்தால் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டு நாய்க்கு ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நான் குறித்துவிட்டேன்.