கள்ளக்கவி

பிறர் பாட்டைத் தன் பாட்டென்று சொல்லிக்கொள்பவனுக்கு, இலக்கிய வகைகளின் இலக்கணம் கூறும் பாட்டியல் நூல்கள் வைத்த பெயர் கள்ளக்கவி. கள்ளம், களவு, கள்வன் எல்லாம் 'கள்' என்னும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆய்விதழ்கள் இன்று அஞ்சும் 'பிளேஜியரிசம்' என்னும் சொல் வேறு வழியில் வந்தது. இலத்தீனில் 'பிளேஜியாரியஸ்' என்றால் ஆள் கடத்துபவன். தம் கவிதைகளைக் களவாடியவனை முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியல் அப்படித்தான் ஏசினார்.

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. ஆனால் ஒப்புமையை அளக்கும் மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடும். சொல்லை மாற்றிக் கருத்தைக் கவர்ந்தவன் அதில் எளிதில் தப்பிவிடுவான். வேலை செய்யாமலே கட்டுரையில் பெயர் சேர்த்துக்கொள்பவனும் அகப்படமாட்டான். இவர்களும் கள்ளக்கவிகளே. ஆய்வுலகம் இச்சொல்லைக் கூசாமல் எடுத்தாள வேண்டும்.

களவைத் தடுக்கும் பழக்கம் யாழ்ப்பாணத்தில் எங்கள் புத்தூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. அருகிலுள்ள சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) முதலிய பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றியவர். ஏடு எங்கிருந்து கிடைத்தது, யார் உதவினார், எந்த இடம் சிதைந்திருந்தது என்பதையெல்லாம் பதிப்புரைகளில் ஒளிக்காமல் எழுதிவைத்தார். ஆய்விதழ்கள் கேட்கும் நன்றியுரையும் தரவு வெளிப்படுத்தலும் இதே வேலைதான்.