பழைய காரும் ஐயாயிரம் வெள்ளியும்

எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம், பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினால் செலவு மிச்சமாகும் என்னும் பேச்சும் உடன் எழுகின்றது. இப்பேச்சுக்கு வயது அரை நூற்றாண்டுக்கும் மேல். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தபோது, பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை, சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. எண்ணெயை விழுங்கும் பெரிய அமெரிக்கக் கார்களின் மதிப்புச் சரிந்தது. ஜப்பானின் சிறிய கார்கள் உலகச் சந்தையில் இடம் பிடித்தன.

நம் தலைமுறைக்கு அந்த அதிர்ச்சி 2008இல் வந்தது. ஜூன் 5ஆம் நாள் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1.92 வெள்ளியிலிருந்து 2.70 வெள்ளிக்கு ஒரே நாளில் உயர்ந்தது. முதல்நாள் மாலையே எண்ணெய் நிலையங்களில் வரிசை சாலைவரை நீண்டது. சுங்காய் போன்ற ஊர்களில் இவ்வுயர்வு ஆழமாகவே உறைத்தது. பால்மரக் காலத்தில் லயத்து வாசலிலிருந்து வேலைக்காட்டுக்கும் பள்ளிக்கும் நடந்தே போனவர்கள் நம் மக்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின், பலர் தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டணத்துத் தாமான்களில் குடியேறினர். வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்றானபின் வண்டி ஆடம்பரமன்று, பிழைப்புக்கான கருவி.

2009 மார்ச் 10ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற 60 பில்லியன் வெள்ளிப் பொருளாதார ஊக்குவிப்புத் திட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காரை ஒப்படைத்துப் புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்குவோருக்கு 5,000 வெள்ளி கழிவு. அதே ஆண்டில் செர்மனி ஒன்பதாண்டு கடந்த கார்களுக்கு 2,500 யூரோ வழங்கியது. அமெரிக்கா 3 பில்லியன் டாலர் ஒதுக்கி, 3,500 முதல் 4,500 டாலர்வரை கொடுத்து, ஏறத்தாழ 6,80,000 பழைய வண்டிகளை ஒழித்தது.

ஆசிரியர் அறையில் இச்சலுகை பெரும் விவாதமாயிற்று. என்னிடம் அப்போது எண்பதுகளின் இறுதியில் வெளிவந்த பழைய சாகா ஒன்று இருந்தது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டம். லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்றால் 1,200 லிட்டர். புதிய சிறிய கார் பதினைந்து கொடுக்குமானால் 800 லிட்டர். மிச்சம் 400 லிட்டர். ஆனால் 2008 ஜூலையில் 147 டாலர்வரை சென்ற கச்சா எண்ணெய் ஆண்டிறுதியில் 40 டாலருக்கும் கீழே வீழ்ந்திருந்தது, பெட்ரோலும் 1.80 வெள்ளிக்கு இறங்கிவிட்டது. ஆகவே ஆண்டு மிச்சம் 720 வெள்ளி, மாதத்துக்கு 60. கழிவு போக 35,000 வெள்ளிக்குக் கார் வாங்கினாலோ, ஒன்பதாண்டுத் தவணை மாதம் நானூறைத் தாண்டும். “அறுபதை மிச்சம் பிடிக்க நானூறு கட்டுவதா?” என்று என் மனைவி கேட்டார். பயிற்சிக் கல்லூரியில் கணிதம் கற்ற எனக்கு அதற்கு மறுமொழி இல்லை. 2.70 விலையே நிலைத்திருந்தாலும் மாத மிச்சம் தொண்ணூறுதான்.

எனினும் பழைய காரின் பழுதுச் செலவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது நேர்மையாகாது. எப்படியும் புதியது வாங்கியே தீரவேண்டும் என்ற நிலையில், ஆயிரம் வெள்ளிகூடப் பெறாத வண்டியை வைத்திருந்தவருக்கு ஐயாயிரம் நல்ல வரவே. ஆறாயிரம் பெறக்கூடிய காரை ஒப்படைத்தவருக்கு நட்டம். எண்ணெய் மலிந்த வேளையில் இச்சலுகை வந்தமையே அதன் முதல் நோக்கத்தைக் காட்டிவிடுகிறது: விற்பனை தளர்ந்த கார் ஆலைகளைத் தாங்குவது. செர்மனியிலும் அமெரிக்காவிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. அவ்வாண்டு அக்டோபரில், பதினைந்தாண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை என்ற அறிவிப்பும் வெளிவந்தது. பழைய கார்களை நம்பியிருந்த எளிய மக்களின் எதிர்ப்புக்குப்பின் விரைவிலேயே அது கைவிடப்பட்டது.

எங்கள் பள்ளியில் ஒருவர் மட்டும் காரை மாற்றினார். அவருடையது மாதம் தவறாமல் பட்டறையில் கிடந்த வண்டி, மாற்றியது சரியே. என் சாகா மேலும் நான்காண்டு ஓடியது. அக்காலத்தில் இருமுறை கிளட்ச் மாற்றினேன், ஒருமுறை ரேடியேட்டர். 2013இல் பழைய இரும்புக் கடைக்காரர் 700 வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு, டயர் இன்னும் புதிதாக இருக்கிறதே என்றார்.